பந்தலும் பந்தியும்

எதிர்வீட்டுப் பெரியவர் 'சுக்கா' என்று முதன்முதலாகச் சொன்னபோது என் மனசு நேராக மட்டனுக்குத்தான் போனது. அவர் சொன்னது பந்தலை. ஹீப்ருவில் சுக்கா என்றால் தற்காலிகமாகப் போடும் குடிசை, பன்மையில் சுக்கோத். யூதர்களின் ஒரு பண்டிகைக்கும் அதுவே பெயர். தமிழ் பைபிள் அதைக் கூடாரப் பண்டிகை என்கிறது. கூடாரம் என்றதும் துணி, கயிறு, முளைக்குச்சி என்று வேறு ஏதோ கண்ணில் வருகிறது. அவர் வீட்டுக் கொல்லையில் வருஷா வருஷம் பார்க்கிறவன் நான், சொல்கிறேன்: அது பந்தல்தான். தென்னங்கீற்றுக்குப் பதில் மூங்கில், அவ்வளவுதான் வித்தியாசம்.

நான் இருப்பது நியூ ஜெர்சியின் ஹைலண்ட் பார்க். ஒரு பக்கம் ராரிட்டன் ஆறு, இன்னொரு பக்கம் எடிசன். எடிசனில் நம் ஆட்கள் கூட்டம். ஹைலண்ட் பார்க்கில் யூதர்கள் அதிகம். செப்டம்பர் கடைசியிலோ அக்டோபரிலோ, யோம் கிப்பூர் நோன்பு முடிந்த கையோடு, தெருவில் சுத்தியல் சத்தம் கேட்க ஆரம்பிக்கும். ஐந்தாம் நாள் பண்டிகை. எப்போதும் பௌர்ணமியை ஒட்டித்தான் தொடங்கும்.

2022இல் அம்மா இங்கே வந்திருந்தார். மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊர். காலையில் காபியோடு ஜன்னலில் நின்றவர், எதிர்வீட்டுக் கொல்லையில் கம்பு நடுவதைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, பந்தல் போடுறாங்களே, கல்யாணமா? இல்ல யாராச்சும் போயிட்டாங்களா?"

இரண்டும் இல்லை, ஏழு நாள் அதில்தான் சாப்பிடுவார்கள் என்றேன். வீடு இருக்கும்போது எதற்கு என்றார். எகிப்தில் அடிமைகளாக இருந்தவர்கள் தப்பி வந்து நாற்பது வருஷம் பாலைவனத்தில் குடிசை போட்டுத் திரிந்ததை மறக்காமல் இருக்க என்றேன். அம்மா கொஞ்ச நேரம் யோசித்தார். "மறந்துடுவாங்கன்னு பயம் போல."

பந்தலுக்கு ஏகப்பட்ட சட்டம் உண்டு. உயரம் இருபது முழத்தைத் தாண்டக்கூடாது. கூரை மண்ணில் விளைந்து, வெட்டப்பட்ட பொருளாக இருக்க வேண்டும். மரத்தின் அடியில் போட்டால் செல்லாது. உள்ளே வெயிலைவிட நிழல் அதிகமாக இருக்க வேண்டும், ஆனால் ராத்திரி நட்சத்திரம் தெரிகிற மாதிரி இடைவெளியும் வேண்டும். எனக்கு மிகவும் பிடித்தது பாய் பற்றிய விதி. படுக்கப் பின்னிய பாயைக் கூரையாகப் போட்டால் ஆகாது. நிழலுக்கென்றே பின்னியதென்றால் ஆகும். கோரைப் பாய் கூடாது, கீற்று கூடும் என்று எனக்கு நானே மொழிபெயர்த்துக்கொண்டேன். யூத மதகுருக்களின் விவாதத் தொகுப்பான தல்மூதில் இன்னும் ஒரு படி மேலே போய், யானையைக் கட்டிவைத்து அதை ஒரு பக்கச் சுவராக வைத்துக்கொள்ளலாமா என்று விவாதித்திருக்கிறார்கள். வைத்துக்கொள்ளலாமாம். யானை செத்து விழுந்தாலும் அதன் உடம்பு பத்துக் கையகல உயரம் இருக்கும், சுவருக்கு அது போதும். மன்னார்குடிக் கோவில் யானையைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இதெல்லாம் ரொம்பவே நியாயமாகப் பட்டது.

மழை வந்தால்? உள்ளே போய்விடலாம். தட்டிலிருக்கும் கூழ் கெட்டுப்போகும் அளவுக்கு மழை விழுந்தால் எழுந்து போகலாம் என்று மிஷ்னா என்ற பழைய யூதச் சட்டத் தொகுப்பில் கணக்கே இருக்கிறது. இந்த மழை விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருகிறேன்.

அந்த வருஷம் பெரியவருக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆகியிருந்தது. வழக்கமாகத் தானே பந்தல் போடுகிறவர், ஆள் பிடித்தார். காலையில் தெருமுனையில் வேலைக்காகக் காத்து நிற்பவர்களில் இரண்டு பேர். இரும்புக் குழாய்களை மாட்டி, கித்தான் கட்டி, மூங்கில் தட்டியை விரித்து மதியத்துக்குள் முடித்துவிட்டார்கள். கூலி கொடுத்த கையோடு புதன்கிழமை ராத்திரி இருவரையும் சாப்பிட வரச் சொன்னார். அதே சாப்பாட்டுக்குத்தான் எங்களையும் கூப்பிட்டிருந்தார். முதல் இரண்டு நாள் கெடுபிடி. கார் ஓட்டக்கூடாது, போன் தொடக்கூடாது. நடுவில் வரும் நாட்கள் தளர்வானவை, அந்நியர்களைக் கூப்பிட அவைதான் வசதி.

வெறுங்கையோடு போக அம்மாவுக்கு மனசு வராது. முறுக்கு சுட மாவு பிசைந்துவிட்டார். நான் தயங்கித் தயங்கிச் சொன்னேன். நம் அடுப்பில், நம் பாத்திரத்தில் செய்ததை அவர்கள் சாப்பிடமாட்டார்கள். கோஷர் விதி. கறியும் பாலும் ஒன்றாகச் சேராது, பாத்திரமே தனித்தனி. கறிக்குழம்பு கொதித்த நம் சட்டிகளை நம்ப அவர்களால் முடியாது. முழுப் பழம் என்றால் வாங்கிக்கொள்வார்கள்.

அம்மாவின் முகம் மாறியது. "நாம தொட்டதைத் தின்ன மாட்டாங்களா?"

தொட்டதில் பிரச்சினை இல்லை, பாத்திரத்தில்தான் பிரச்சினை. அவர்களிலேயே விதி பார்க்காத வீட்டில் இவர்கள் சாப்பிடமாட்டார்கள். இது மேல் கீழ் சமாசாரம் இல்லை. இப்படி நான் விளக்கிக்கொண்டே போனேன். புரட்டாசி மாதம் வேறு. நீ மட்டும் அவர்கள் வீட்டுக் கறியைத் தொடுவாயா என்றும் கேட்டேன். அம்மா மாவுப் பாத்திரத்தை மூடி ஃப்ரிட்ஜில் வைத்தார்.

"விளக்கம் சொல்லாத தம்பி. இந்த விளக்கத்தையெல்லாம் நானும் மத்தவங்களுக்குச் சொல்லியிருக்கேன்."

பிறகு கடைக்குப் போய் இரண்டு சீப்பு வாழைப்பழமும் மாதுளையும் வாங்கினோம்.

புதன் மாலை வேலையாட்களில் ஒருவர்தான் வந்தார். நாற்பது வயதுக்குள் இருக்கும், குவாத்தமாலாக்காரர். தலையைப் படிய வாரி, இஸ்திரி போட்ட சட்டை. பெரியவரின் மனைவி முன்பு பள்ளியில் ஸ்பானிஷ் சொல்லிக்கொடுத்தவர் என்பதால் பேச்சுக்குக் குறைவில்லை. இன்னொருவர் ஏன் வரவில்லை என்று அவர் கேட்டார். "நீங்க சும்மா ஒரு மரியாதைக்குக் கூப்பிட்டீங்கன்னு நெனச்சுட்டான்" என்பது பதில். அது ஸ்பானிஷிலிருந்து இங்கிலீஷுக்கு வந்து, நான் தமிழில் சொல்ல, அம்மா "சரிதான்" என்றார்.

சாப்பிடும் முன் பெரியவர் கண்ணுக்குத் தெரியாத விருந்தாளிகளை வரவேற்றார். உஷ்பிஸின் என்று பெயர்; அராமிக் சொல். ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு, மோசே, ஆரோன், யோசேப்பு, தாவீது என்று ஏழு பேர், நாளுக்கு ஒருவர் தலைமை. ஏறக்குறைய எல்லோருமே ஊர்விட்டு ஊர் போனவர்கள், துரத்தப்பட்டவர்கள், ஒளிந்து திரிந்தவர்கள். இப்போது பல வீடுகளில் சாராள், மிரியாம் என்று பெண்களையும் சேர்த்துக் கூப்பிடுகிறார்களாம். படையல் மாதிரி என்று அம்மாவுக்குச் சட்டென்று பிடிபட்டுவிட்டது. "அப்ப படைச்சதை யார் சாப்பிடுவா?"

நல்ல கேள்வி. நம் படையலில் காக்கைக்கு வைத்துவிட்டு வீட்டார் சாப்பிடுகிறோம். இவர்களுக்கு ஸோஹர் என்ற யூத ஞான நூல் வைத்திருக்கும் கணக்கு வேறு: அந்த விருந்தாளிகளின் பங்கு ஏழைகளுக்குச் சொந்தம். கொடுக்காமல் விட்டால் அந்த ஏழு பேரும் வாசலோடு திரும்பிவிடுவார்கள்.

கொஞ்ச நேரம் கழித்து பெரியவர் மைமோனிடஸைப் பற்றிச் சொன்னார். 12ஆம் நூற்றாண்டு, எகிப்தில் வாழ்ந்த வைத்தியர், யூதச் சட்டங்களைத் தொகுத்தவர். பண்டிகை நாளில் முற்றத்துக் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு, பெண்டாட்டி பிள்ளைகளோடு மட்டும் தின்று குடித்து, ஏழைக்கும் மனம் நொந்தவருக்கும் கொடுக்காதவனுடைய மகிழ்ச்சி கட்டளையின் மகிழ்ச்சி அல்ல, அவனுடைய வயிற்றின் மகிழ்ச்சி என்று அவர் எழுதியிருக்கிறார். இதைச் சொல்லிவிட்டுப் பெரியவர் தன் தட்டைப் பார்த்தார். "நாற்பது வருஷமாகப் பந்தல் போடுகிறேன். கூப்பிட்டதெல்லாம் என் நண்பர்களைத்தான். முழங்கால் நன்றாக இருந்திருந்தால் இந்த வருஷமும் அப்படித்தான்."

மெனு முழுக்க அடைத்த சமாசாரம். அறுவடைப் பண்டிகை என்பதால் நிறைவுக்கு அடையாளமாக எதையாவது எதற்குள்ளாவது திணித்துச் சமைப்பது வழக்கம். முட்டைக்கோஸ் இலையில் அரிசி வைத்துச் சுருட்டி, தக்காளிச் சாற்றில் வேகவைத்தது. அம்மாவுக்காகக் கறி போடாமல் தனிப் பாத்திரத்தில் செய்திருந்தார்கள். உப்புக் குறைச்சல், ஆனால் அம்மா மறுசோறு வாங்கிக்கொண்டார். அந்தத் தக்காளியை வைத்தே இன்னொரு கதை வந்தது. ஃப்ளோரிடாவின் இம்மொகலியில் தக்காளி பறிக்கும் தொழிலாளர்கள், ஒரு பவுண்டுக்கு ஒரு சென்ட் கூடுதலாகக் கேட்டு டாக்கோ பெல் என்ற துரித உணவுக் கம்பெனிக்கு எதிராக நான்கு வருஷம் புறக்கணிப்பு நடத்தி 2005இல் ஜெயித்தார்கள். பிறகு மற்றக் கம்பெனிகள் மீது அவர்கள் நடத்திய போராட்டங்களில் ரப்பிகளும், அதாவது யூத மதகுருக்களும், போய்ச் சேர்ந்துகொண்டார்கள், தக்காளி ரப்பிகள் என்றே பெயர் விழுந்துவிட்டது. அறுவடைப் பண்டிகையில் அறுத்தவனைப் பற்றிப் பேசாவிட்டால் எப்படி என்றார் பெரியவரின் மனைவி.

அம்மா வாங்கிவந்த வாழைப்பழத்தில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைக் குவாத்தமாலாக்காரர் விரலால் தட்டிக் காட்டினார். அவர் நாட்டின் பெயர். சின்ன வயதில் வாழைத் தோட்டத்தில் தார் சுமந்திருக்கிறாராம். தோளைத் தொட்டுக் காட்டினார். அம்மா உடனே, "எங்க வீட்டுலயும் வாழைக் கொல்லை உண்டுன்னு சொல்லு" என்றார். சொன்னேன். நாங்கள் தார் சுமந்ததில்லை என்பதை நானும் சொல்லவில்லை, அம்மாவும் சொல்லச் சொல்லவில்லை.

காற்று கொஞ்சம் வலுத்தது. கித்தான் படபடவென்று அடித்தது. அவர் சாப்பாட்டின் நடுவில் எழுந்துபோய் ஒரு மூலைக் குழாயின் பட்டையை இறுக்கிவிட்டு வந்தார். பத்து நிமிஷம் கழித்து இன்னொரு மூலை. உட்காருங்கள், நீங்கள் விருந்தாளி என்று பெரியவர் இரண்டு முறை சொன்னார். சரி சரி என்று தலையாட்டிவிட்டு மூன்றாவது முறையும் எழுந்தார்.

பெரியவர் பைபிளின் உபாகமத்திலிருந்து ஒரு வரியை ஹீப்ருவில் படித்தார். 16ஆம் அதிகாரம், 14ஆம் வசனம். பண்டிகையில் யார் யார் சந்தோஷப்பட வேண்டும் என்ற பட்டியல்: நீ, உன் மகன், மகள், வேலைக்காரன், வேலைக்காரி, உன் வாசலில் இருக்கும் லேவியன், பரதேசி, திக்கற்ற பிள்ளை, விதவை. வேலைக்காரன் என்று தமிழ் பைபிளில் இருக்கும் இடத்தில் ஹீப்ருச் சொல் அடிமையையும் குறிக்கும். விடுதலையைக் கொண்டாடும் பந்தியில் அடிமையும் உட்கார்ந்திருக்கிறான். எனக்கு இது உறுத்தியது, பெரியவரிடம் சொன்னேன். தனக்கும் உறுத்துவதாகத்தான் சொன்னார், சமாளிக்கவில்லை. ஆனால் பட்டியலில் அவன் பெயர் தனிப் பந்தியில் இல்லை, மகனுக்கும் மகளுக்கும் அடுத்து அதே வரியில் இருக்கிறது, அதைக் கவனி என்றார்.

பரதேசி என்ற சொல்லைச் சொன்னதும் அம்மா சிரித்துவிட்டார். எங்கள் ஊரில் அது திட்டு. கொச்சியில் 1568இல் கட்டிய யூதர்களின் தொழுகைக்கூடத்துக்கே பரதேசி சினகாக் என்றுதான் பெயர் என்றேன். வெளிதேசத்திலிருந்து வந்தவர்கள், அவ்வளவுதான் பொருள். அந்தச் சொல் எப்படி நம் வாயில் வசையானது என்று யோசித்தால் நமக்கு அவ்வளவு பெருமையாக இருக்காது.

இந்த இடத்தில் விருந்தோம்பல் அதிகாரத்தை எடுத்து வந்து, மைமோனிடஸுக்கு முன்பே நாம் சொல்லிவிட்டோம் என்று ஒரு பத்தி எழுதலாம். கைதட்டலும் கிடைக்கும். எனக்குக் கை வரவில்லை. குறளை மனப்பாடமாக ஒப்பித்த அதே வயதில், எங்கள் வயலில் வேலை செய்தவரை, என் அப்பா வயதுக்காரரை, பெயர் சொல்லி 'வா, போ' என்று கூப்பிட்டவன் நான். அவர் என்னைச் 'சின்னய்யா' என்பார். பொங்கலன்று அவருக்கு எங்கள் வீட்டில் சாப்பாடு உண்டு, குறை சொல்ல முடியாத அளவுக்கு உண்டு. கொல்லைப்புறத்தில், மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில். சாப்பிட்டு முடித்ததும் இலையை அவரே எடுத்துப் போட வேண்டும். எங்கள் வீட்டுக் கல்யாணத்துக்குப் பந்தல் போட்டதும் அவர்தான். கம்பு நட்டு, கீற்று வேய்ந்து, வாழை மரம் கட்டியது வரை அவர் கை. அந்தப் பந்தலில் நடந்த பந்தியில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. ஏன் என்று கேட்கத் தோன்றியதும் இல்லை, அதுதான் இன்னும் மோசம்.

அன்று வீட்டுக்குத் திரும்பும்போது அம்மா ஒன்றும் பேசவில்லை. பண்டிகை முடிந்ததும் பெரியவர் தன் எத்ரோக்கை அம்மாவிடம் கொடுத்தார். நம் நார்த்தங்காய் வகையறா. பேரீச்சங்குருத்து, நறுமணக் கொழுந்துகள், ஆற்றலரிக் கிளையோடு சேர்த்துப் பண்டிகை நாட்களில் கையில் பிடித்து அசைக்கும் பழம். ஒரு பழத்துக்கு ஐம்பது டாலருக்கு மேல் கொடுத்தாராம். அம்மாவுக்கு அதிர்ச்சி. பண்டிகை நேரத்தில் விலை ஏற்றுவது ஆயுத பூஜைப் பூக்கடைக்கு மட்டும் உரியதல்ல. 3ஆம் நூற்றாண்டில் பாபிலோனில் இருந்த சமூவேல் என்ற ரப்பி, கொழுந்து விற்பவர்களைக் கூப்பிட்டு எச்சரித்த கதை தல்மூதில் இருக்கிறது: நியாய விலைக்கு விற்றுவிடுங்கள், இல்லாவிட்டால் நுனி முறிந்த கொழுந்தே போதும் என்று சொன்ன ரப்பி தர்ஃபோனின் பக்கம் தீர்ப்பு சொல்லிவிடுவேன். சட்டத்தில் இளக்கமான கருத்து ஒன்று ஏற்கெனவே இருந்தது. அதை வியாபாரிகள் தலைக்கு மேல் தொங்கவிட்டு ஏழைகளுக்காக விலையைப் பிடித்து நிறுத்தப் பார்த்தார். மதத் தலைவர்களிடம் நான் எதிர்பார்க்கும் கெட்டிக்காரத்தனம் இந்த மாதிரியானதுதான். திருடிய குருத்தும் செல்லாது என்பது விதி. பக்தி எவ்வளவு இருந்தாலும் பிறர் பொருளில் செய்த கடமை கடமையாகாது.

அம்மா அந்த ஐம்பது டாலர் பழத்தை நறுக்கி உப்புப் போட்டுவிட்டார். இங்கத்து அக்டோபர் வெயிலில் அது காயவே இல்லை.

2024இல் பெரியவர் மறுபடி கூப்பிட்டார். நான் தனியாகப் போனேன். நியூ ஜெர்சியில் அந்த அக்டோபர் மாதம் மழையே இல்லை, பதிவுகளிலேயே மிக வறண்ட மாதம். மேலே கிடந்த தட்டி மொறமொறவென்று இருந்தது. மேசையும் வறண்டுதான் இருந்தது. முந்தைய வருஷம் இதே பண்டிகையின் கடைசிக் கட்டத்தில்தான் அக்டோபர் 7 வந்தது; இஸ்ரேலில் ஹமாஸ் நடத்திய தாக்குதல், கொல்லப்பட்டவர்கள், கடத்தப்பட்டவர்கள். அதன்பின் ஒரு வருஷமாகக் காஸாவில் குண்டு. பெரியவரின் மகள், அங்கே லட்சக்கணக்கானவர்கள் கூடாரத்தில் கிடக்கும்போது நாம் எப்படி இதில் உட்கார்ந்து சாப்பிடுவது என்றாள். அவருடைய தம்பி, பிணைக்கைதிகள் சுரங்கத்தில் கிடக்கிறார்களே, அது உனக்குத் தெரியவில்லையா என்றார். குரல் உயர்ந்தது. பெரியவர் யாரையும் அடக்கவில்லை. அந்த வாரம் பைபிளின் பிரசங்கி புத்தகத்தைப் படிப்பார்கள், மாயை மாயை எல்லாம் மாயை என்று தொடங்குவது. அவர் அதைப் படிக்கவும் இல்லை. எல்லோருக்கும் சூப் ஊற்றினார். மகள் எழுந்து போவாள் என்று நினைத்தேன், போகவில்லை.

பேச்சை மாற்ற யாரோ நீதிமன்றத் தீர்ப்பை எடுத்தார்கள். அந்த ஜூன் மாதம்தான், ஒரெகானின் கிராண்ட்ஸ் பாஸ் நகர வழக்கில், வீடில்லாதவர்கள் பொது இடத்தில் போர்வை விரித்துப் படுத்தால் அபராதம் போடலாம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 6க்கு 3 என்று தீர்ப்பளித்திருந்தது. ஒருவன் ஏழு நாள் வெட்டவெளியில் ஓட்டைக் கூரையின் கீழ் இருந்தால் கடமை. இன்னொருவன் இருந்தால் குற்றம். மழை விதி எனக்கு அப்போதுதான் உறைத்தது. கூழ் கெட்டுப்போனால் உள்ளே போகலாம் என்பது உள்ளே என்று ஒன்று இருப்பவனுக்கு எழுதிய சட்டம்.

2010இல் நியூயார்க்கின் யூனியன் ஸ்கொயரில் சுக்கா கட்டும் போட்டி ஒன்று வைத்தார்கள். தேர்வான பன்னிரண்டில் ஒன்று அட்டைகளால் ஆனது. வீடற்றவர்கள் தெருவில் பிடித்துக்கொண்டு நிற்கும் 'பசிக்கிறது, உதவுங்கள்' மாதிரியான அட்டைகளை அவர்களிடமே விலைக்கு வாங்கி, அவற்றை வைத்துச் சுவர் எழுப்பியிருந்தார்கள். நான் படத்தில்தான் பார்த்தேன். கெட்டிக்காரத்தனமா, கூச்சப்பட வேண்டிய விஷயமா என்று இன்றுவரை எனக்குத் தீர்மானமாகவில்லை. எழுதியவர்களில் யாராவது உள்ளே உட்கார்ந்து சாப்பிட்டார்களா என்று மட்டும் கேட்கத் தோன்றியது.

குவாத்தமாலாக்காரர் அந்த வருஷம் வரவில்லை. ஊர் மாறிப் போய்விட்டாராம்.

2025 மாட்டுப் பொங்கலன்று ராத்திரி அம்மா போன் செய்தார். வழக்கமான விசாரிப்பெல்லாம் முடிந்து, வைத்துவிடப் போகிறார் என்று நினைத்தபோது சொன்னார்.

"இன்னைக்கு அவரை உள்ள வரச் சொன்னேன்."

யாரை என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. இந்த 'அவர்' எப்போது வந்தது என்றுதான் பார்த்தேன். அம்மாவும் அவரை 'அவன்' என்றே நாற்பது வருஷம் சொன்னவர்.

"கூடத்துல இலை போட்டேன். வரவே மாட்டேன்னுட்டார். எதுக்கும்மா திடீர்னு, யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களான்னு பயந்துபோய்க் கேக்குறார். கடைசியில திண்ணையில உக்காந்தார். நானும் எதிர்ல இலையைப் போட்டு உக்காந்துட்டேன்."

"சாப்பிட்டாரா?"

"பாதிதான் சாப்பிட்டார். என்னைப் பாத்துக்கிட்டே இருந்தா எப்படி இறங்கும்? நான் கை கழுவிட்டு வர்றதுக்குள்ள ரெண்டு இலையையும் எடுத்துக்கிட்டுக் கொல்லைப் பக்கம் போயிட்டார் தம்பி. என் இலையையும்."